கல்லறைச் சுவரில் தாத்தாவின் பெயர்

அன்று சனிக்கிழமை. சம்பளம் வாங்கி, மளிகைக்கடை பாக்கியைக் கொடுத்துவிட்டு, ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் நுழையும்போது ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து மகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, இது யாரு பேரு?"

போட்டோவில் ஒரு கருங்கல் பலகை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பதித்த கல். வருடா வருடம் சுண்ணாம்பு அடித்ததில் எழுத்து பாதி மூடியிருந்தது. 'உபயம்' என்று ஒரு சொல், கீழே ஒரு பெயர், அதற்கும் கீழே 1968.

என் தாத்தாவின் பெயர். என் அம்மாவைப் பெற்றவர்.

"சுத்துச்சுவர் கட்டுனப்போ தாத்தா காசு கொடுத்திருக்காங்க" என்றேன்.

"சுத்துச்சுவர் இல்லம்மா. இது நடுச்சுவரு. லீவுக்குப் போனப்போ நான் நடந்து பார்த்தேன். அந்தப் பக்கம் யாரைப் புதைக்கிறாங்க?"

எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் "அது அந்தக் காலம்" என்று சொல்லி மாவை எடுத்து ஊற்றினேன்.

அவள் விடவில்லை. "வடக்கன்குளம் சுவர் கதையை எத்தனை தடவை பெருமையா சொல்லியிருக்கீங்க. இந்தச் சுவரைப் பத்தி ஒரு தடவைகூடச் சொன்னதே இல்லையே?"

அன்றைக்கு முதல் தோசை கருகிப்போனது.

நாங்கள் திருப்பூருக்கு வந்து 22 வருடம் ஆகிறது. கைமடியாக வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு செக்கிங், இப்போது செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். பிறந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரம், வடக்கன்குளத்துக்குப் பக்கம். பரம்பரை பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தாலும் விடியற்காலைப் பூசையைப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனிக்குப் போவேன். ராத்திரி ஜெபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. இந்தப் பழக்கம் எல்லாம் தாத்தா போட்டது.

வடக்கன்குளம் கதையைச் சொன்னதும் அவர்தான். அந்த ஊர்க் கோயிலை 1872-ல் இரண்டு காலாகப் பிரித்துக் கட்டினார்கள். மேலே பீடம் ஒன்றுதான். அதிலிருந்து கால்சட்டைபோல் இரண்டு நீண்ட கூடங்கள் பிரியும். ஒரு கூடத்தில் வேளாளர், இன்னொன்றில் நாடார். பூசை பார்க்கும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சு சாமியார் அந்தப் பிரிவினைச் சுவரை இடித்தார். சுவர் மறுபடி வேண்டும் என்று ஒரு தரப்பு கோர்ட்டுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்குச் சுவர் கிடைக்கவில்லை.

தாத்தா இதைச் சொல்லும்போது திண்ணையில் நிமிர்ந்து உட்கார்வார். "சாமி முன்னால எல்லாரும் சமம்னு நம்ம ஆளுக நின்னு காட்டுனாக, தெரியுமாட்டி?" என்பார். திருவிதாங்கூரில் நம் பெண்கள் மாராப்புப் போடக்கூடாது என்று தடுத்ததையும், தோள்சீலைக்காக வருடக்கணக்கில் போராடியதையும், 1859-ல்தான் மகாராஜா இறங்கி வந்ததையும் சேர்த்துச் சொல்வார். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் சூடாகும். மகளுக்கும் அதே கதைகளைச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன்.

அதே தாத்தாதான், வடக்கன்குளத்துச் சுவர் விழுந்து 58 வருடம் கழித்து, எங்கள் ஊரில் ஒரு சுவர் எழுப்பக் காசு கொடுத்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். கோயிலில் காலனிக்காரர்கள் கடைசியில், இடதுபக்கக் கதவு ஓரமாக உட்கார்வார்கள். நற்கருணை வாங்க நாங்கள் எல்லோரும் போய் வந்த பிறகுதான் எழுந்து வருவார்கள். திருவிழாச் சப்பரம் அவர்கள் தெருவுக்குப் போகாது. யாரும் யாரையும் விரட்டியதில்லை, திட்டியதில்லை. அதனாலேயே எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. வாசல் கிழக்கே இருப்பதுபோல, கிணறு வடக்கே இருப்பதுபோல, அதுவும் ஊரின் அமைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் திருப்பூர் புத்தகத் திருவிழாவுக்குப் போன மகள் ஆ.சிவசுப்பிரமணியன் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தை வாங்கி வந்தாள். வடக்கன்குளத்தைப் பற்றியது. அவள் படித்துவிட்டு என் தலையணை பக்கத்தில் வைத்தாள். பகலெல்லாம் துணியில் ஓட்டை தேடும் கண்ணை வைத்துக்கொண்டு, ராத்திரியில் நாலு பக்கம் ஐந்து பக்கமாகப் படித்தேன். அதன் பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன்.

தாத்தா சொன்னது பொய்யில்லை. ஆனால், அவர் சொன்னது பாதிக் கதை.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, சைவ உணவு சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்த பெரிய மனிதர். எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மேல்சாதியார் மனம் கோணக்கூடாது என்று அவர் மற்றவர்களிடமிருந்து விலகி வாழ்ந்ததையும், அந்த வழியில் பின்னால் மேல்சாதிக்கு வேறு குருக்கள், ஒடுக்கப்பட்டவர்களுக்கு வேறு குருக்கள் என்று பிரித்து வைத்ததையும் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளிலும் இதே கதைதான். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையை விட்டே விலகினார்கள். இயேசுவை விட்டாலும் விடுவோம், தனி இருக்கையை விட மாட்டோம் என்று இருந்திருக்கிறார்கள்.

என்னை அதிகமாக உலுக்கியது தேவசகாயத்தின் கதை. மார்த்தாண்ட வர்மா அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாய் மூலமாகக் கிறிஸ்துவைப் பற்றித் தெரிந்துகொண்டார். 1745-ல் ஞானஸ்நானம் வாங்கினார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் கலந்து பழகினார். பல சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். நாங்கள் ராயபுரம் வீட்டில் டி.வி-யில் பார்த்துக் கைதட்டினோம்.

அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊர் எது தெரியுமா? வடக்கன்குளம்.

சாதி பார்க்காத ஒரு மனிதருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ஊரில், 127 வருடம் கழித்துச் சாதிக்கு ஒரு கூடமாகக் கோயில் கட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த ராத்திரி ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். மூன்றாவது மணிக்கு மேல் போகவில்லை. தாத்தா கொடுத்த மணிமாலை அது.

மகள் பூசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை எல்லாம் இல்லை. "நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் சமைச்சு வைக்கிறேன்" என்றாள். அது எனக்குச் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஊரில் இருக்கும் சித்தியிடம் போனில் கேட்டேன். "செத்துப்போன மனுசனை ஏம்ட்டி கிளறுத? அவரு எத்தனை பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுனாரு, தெரியுமா?" என்றாள். அதுவும் உண்மைதான். காலனிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தாத்தா பீஸ் கட்டியிருக்கிறார். அவர்கள் படிப்பதில் அவருக்குச் சந்தோஷம். செத்த பிறகு பக்கத்தில் படுப்பதில்தான் சம்மதமில்லை. ஒரே ஆளுக்குள் இரண்டும் எப்படி இருந்தது என்று பலமுறை யோசித்துவிட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது.

கம்பெனியில் மதியம் யார் டிபன் பாக்ஸில் யார் கை வைக்கிறார்கள் என்று கணக்கே கிடையாது. மதுரை, தேனி, ஒடிசா, பீகார் எல்லாம் ஒரே வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அதை வைத்து, எனக்குச் சாதி புத்தி இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஏனுங்க, நீங்க இங்க வாடகைக்கு வந்தப்போ வீட்டுக்காரம்மா 'நீங்க என்ன ஆளுங்க'ன்னு கேட்டாங்கல்ல. நீங்க டக்குனு சொன்னீங்கல்ல?" என்றார். ஆமாம், சொன்னேன். வீடு கிடைத்தது. அந்தப் பதிலைச் சொல்ல முடியாத ஒருத்திக்குக் கிடைத்திருக்காது என்று அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை.

நடுவில் இன்னொரு விஷயம் நடந்தது. பையர் தரப்பிலிருந்து கம்பெனியைப் பார்வையிட ஓர் அமெரிக்க அம்மா வந்திருந்தார். டீ கொடுத்தால் வேண்டாம் என்றார். காபியும் வேண்டாம். சுகர் இருக்குமோ என்று பார்த்தால், அவர் மார்மன் சபையாம். அந்தச் சபையில் டீ, காபி, மது, புகையிலை எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோவையில் இருக்கும் அவர்கள் சபைக்குப் போய்விட்டு வந்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரிடம் பேசினேன். கழுத்தில் என் சிலுவையைப் பார்த்து அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். எப்படியோ சுவர்க் கதை என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் சபையில் 1978 வரைக்கும் கறுப்பினத்து ஆண்களுக்குக் குருத்துவம் கொடுக்காமல் வைத்திருந்ததைச் சொன்னார். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்களாம். 1852-ல் அவர்கள் தலைவர் பிரிகாம் யங் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதற்குக் கடவுள் பெயரில் எத்தனையோ விளக்கங்கள். அந்த விளக்கங்களை இப்போது ஏற்பதில்லை என்று 2013-ல்தான் சபையே எழுதி வெளியிட்டது.

"அந்த விளக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் பாட்டி. நான் மிகவும் நேசித்த பாட்டி" என்றார்.

"அப்புறமும் ஏன் அங்கேயே இருக்கீங்க?" என்று கேட்கச் சொன்னேன்.

"ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே பாட்டிதான். நான் வெளியே போய்விட்டால், என் பேத்திக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல அங்கே ஆள் இருக்காது" என்றார்.

அவர் சபை வேறு, என் சபை வேறு. அவர்கள் நம்புவதில் பலது எனக்குப் புரியாது. ஆனால், அந்தப் பதில் என்னோடு வீட்டுக்கு வந்தது. நான் மகளுக்கு ஒன்றை மட்டும்தானே சொல்லியிருந்தேன்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இரண்டு நாள் லீவு சொல்லி, ராத்திரி ரயிலேறி, திருநெல்வேலியில் இறங்கி பஸ் பிடித்தோம். மகளும் வந்தாள். "பூசைக்கு வரமாட்டேன், கல்லறைக்கு வர்றேன்" என்றாள். சரி என்றேன்.

சாயங்காலம் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி, சாமந்திப்பூ, ஊதுபத்திப் புகை. தாத்தா கல்லறையில் மாலை போட்டேன். ஐந்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். அழுகை வந்தது, அழுதேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை, பாசமும் குறையவில்லை. மிச்சமிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு மகளோடு வெளியே வந்து, ரோட்டைச் சுற்றி, அந்தப் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனேன். நடுச்சுவரில் வாசல் கிடையாது.

47 வயதில் முதல்முறையாக அங்கே கால் வைக்கிறேன். அதே மண், அதே சிலுவைகள். ஆனால் மேடு பள்ளம், முள்செடி. லைட் கம்பம் எங்கள் பக்கம் மட்டும்தான். என்னோடு ஆறாம் வகுப்புவரை படித்தவள் ஒருத்தி, தன் அம்மா கல்லறைக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"யாரையாவது தேடி வந்தியளா?" என்றாள்.

என்ன சொல்வது? வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்த எதுவும் வரவில்லை. "உங்க அம்மைக்கு ஒரு திரி ஏத்தலாமான்னு வந்தேன்" என்றேன்.

அவள் என்னையும், என் மகளையும், சுவரையும் பார்த்தாள். "ஏத்துங்க" என்றாள். காற்றில் திரி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை அவள் கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள்.

மகள் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னாள். எங்கள் தாத்தா பெயர் என்றும் சொன்னாள். "தெரியும்லா" என்றாள் அவள், சாதாரணமாக. "எங்களுக்கு எல்லாப் பேரும் தெரியும்." அப்புறம் தன் மகனைப் பற்றிப் பேசினாள். இன்ஜினீயரிங் முடித்திருக்கிறானாம். 1950-ல் போட்ட உத்தரவுப்படி, கிறிஸ்தவனாக இருப்பதால் அவனுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. பி.சி.தான். "சர்க்காரு உனக்குச் சாதி இல்லங்குது. கோயிலுக்கு வந்தா இருக்குங்காவ. நாங்க எங்க போவ?" என்றாள்.

"நீங்க ஏன் இன்னும் கோயிலுக்கு வர்றீங்க?" என்று மகள் கேட்டுவிட்டாள். எனக்குப் பதறியது.

அவள் கோபப்படவில்லை. "அவுக சுவரு கட்டுவாகன்னு நான் ஏன் என் மாதாவை விட்டுட்டுப் போவணும்? அது எங்க கோயிலும்தானே" என்றாள்.

நான் ஏன் இன்னும் பூசைக்குப் போகிறேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிடப் பெரிய பதில் இல்லை. இத்தனை நாளும் இந்தச் சபை தாத்தாவுடையது என்று நினைத்திருந்தேன். அதனால்தான் அவர் செய்த தப்பு தெரிந்ததும் காலடி மண் சரிந்ததுபோல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, நல்லது எதுவும் கிடைக்காமலே நம்பிக்கொண்டிருந்தவர்களுடையதும்தான் இந்தச் சபை. வடக்கன்குளத்தில் சுவரை எழுப்பியவர்களும் ஜெபித்தார்கள், இடித்தவர்களும் ஜெபித்தார்கள். நான் யாரோடு நிற்கிறேன் என்பதை ஜெபமாலை முடிவு செய்யாது, நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அந்தப் பக்கம் போய்வந்தது ஊருக்குள் பரவி, சித்தி என்னோடு பேசுவதில்லை. பொங்கலுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நடுச்சுவரை எடுக்க வேண்டும், முதல் படியாக ஒரு வாசலாவது வைக்க வேண்டும் என்று தம்பியும் இன்னும் சிலரும் பங்குப் பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்குக் காசு கொடுத்தவரின் பேத்தி என்று குறிப்பிட்டு நானும் கையெழுத்துப் போட்டேன். 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்களாம்.

மகள் இன்னும் பூசைக்கு வருவதில்லை. நான் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆனால், போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றும்போது, "இன்னைக்குப் பிரசங்கம் என்னம்மா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். சொன்னேன். இரண்டு இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்டாள். ஒன்றுக்குப் பதில் தெரிந்தது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை.

தாத்தா மணிமாலையில் இப்போது ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்கிறேன். கடைசியில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது முன்பெல்லாம் தாத்தா பெயரோடு நிறுத்திவிடுவேன். இப்போது அந்தப் பக்கத்து அம்மை பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில்.